"எங்கட குடும்பத்தில யாருக்கும் இல்லையே": மார்பகப் புற்றுநோயும் திருகோணமலை வீடுகளும்

ஒக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு ரிபனும் வந்துவிடுகிறது. அலுவலகங்களில் விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும், வட்ஸ்அப் குழுக்களில் படம் படமாக வரும். ஒரு படம் "மாதம் ஒரு தடவை நீங்களே தடவிப் பாருங்கள்" என்கிறது. இன்னொன்று "சுய பரிசோதனையால் பயனில்லை என்று ஆய்வு சொல்லிவிட்டது" என்கிறது. மூன்றாவது "40 வயதானால் மமோகிராம் எடுங்கள்" என்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலோ வெருகலிலோ இருந்து அதைப் படிக்கிற பெண்ணுக்கு அதை எங்கே போய் எடுப்பது என்று தெரியாது. குழம்பிப்போய் கடைசியில் பலரும் ஒரே வசனத்தில் வந்து நிற்கிறார்கள்: "எங்கட குடும்பத்தில யாருக்கும் இல்லையே, எனக்கு ஏன் வரப்போகுது?"

அந்த நம்பிக்கை தவறானது. ஆனால் இந்த நோயில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது உண்மைதான். இரத்தத்தின் வழியாக வரும் பங்கு சிறியது. கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளுக்கும் அதை வைத்தியரிடம் காட்டும் நாளுக்கும் நடுவில் வீட்டுக்குள் நடப்பதன் வழியாக வரும் பங்குதான் பெரியது.

முதலில் சில சொற்கள்

மார்பகத்தில் பால் சுரக்கும் சிறு சுரப்பிகளும், அந்தப் பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் குழாய்களும் உள்ளன. அவற்றிலுள்ள கலங்கள் கட்டுப்பாடு இழந்து பெருகுவதே மார்பகப் புற்றுநோய். வளர விட்டால் கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து எலும்பு, நுரையீரல், ஈரல் என்று தூரத்துக்கும் போகும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இது கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. ஆண்களுக்கும் வரும், ஆனால் நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு.

"தடுப்பு" என்ற ஒரே சொல்லை மூன்று வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1. நோய் வராமல் பார்ப்பது. தாய்ப்பால், உடல் எடை, உடற்பயிற்சி, மதுவைத் தவிர்ப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் இதற்கு எல்லை உண்டு: நோய் வந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பதும் 40 வயதைத் தாண்டியதும் தவிர வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடிவதில்லை.
2. வந்ததை வேளைக்குக் கண்டுபிடிப்பது. இதிலும் இரண்டு வகை: ஒரு குறையும் இல்லாத பெண்களை அழைத்துப் பரிசோதிப்பது ஒன்று, கட்டி தெரிந்து வருகிற பெண்ணைத் தாமதிக்காமல் பரிசோதிப்பது மற்றது.
3. தொடங்கிய சிகிச்சையை முடிப்பது. பாதியில் விடப்பட்ட சிகிச்சையால் முதல் இரண்டும் வீணாகலாம்.

இரத்தத்தில் வருவது எவ்வளவு?

மரபணுக் கோளாறு நேரடியாகப் பெற்றோரிடமிருந்து வந்து நோயை உண்டாக்குவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். அதில் முக்கியமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள். கலத்துக்குள் ஏற்படும் சேதத்தைச் செப்பனிடுவது இவற்றின் வேலை. பழுதான பிரதி ஒன்றைப் பெற்ற பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 70 வீதம் அளவில் இருக்கிறது. இது மிகப் பெரிய ஆபத்து, ஆனால் இதைச் சுமக்கிற பெண்கள் மிகச் சிலர்.

மரபணுப் பழுது இல்லாவிட்டாலும், தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சரி, அப்படியானால் யாருக்கும் இல்லாத குடும்பம் பாதுகாப்பானதா? நோய் வந்த 9 பெண்களை எடுத்தால், அவர்களில் 8 பேருக்குத் தாய்க்கோ சகோதரிக்கோ மகளுக்கோ இந்த நோய் இருந்ததில்லை. "குடும்பத்தில யாருக்கும் இல்லை" என்று சொல்லும் பெண்களிடம்தான் இந்த நோயின் பெரும்பகுதி வருகிறது.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி: "மச்சானை முடிச்சதாலதான் வந்ததோ?" சொந்தத்துக்குள் கலியாணம் செய்வதற்கும் இதற்கும் அப்படி ஒரு முடிச்சு இல்லை. பிஆர்சிஏ பழுது ஒரு பெற்றோரிடமிருந்து ஒரே ஒரு பிரதியாக வந்தாலே போதும். தாயும் தகப்பனும் உறவாக இருக்கத் தேவையில்லை. அதே காரணத்தால் தகப்பன் வழியாகவும் வரும். தகப்பனுக்கு நோய் வராமலே, அவருடைய தாயிடமிருந்து பேத்திக்குப் போய்ச் சேரலாம். அப்பம்மாவையும் மாமிமாரையும் பற்றிக் கேட்காத குடும்ப வரலாறு பாதி வரலாறுதான்.

வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை இவை:

1. இரத்த உறவில் யாருக்காவது 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால்.
2. ஒருவருக்கே இரண்டு மார்பிலும் வந்திருந்தால்.
3. சூலகப் புற்றுநோய் யாருக்காவது இருந்திருந்தால்.
4. ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால்.

இந்த நான்கையும் சொல்வது இந்த மாவட்டத்தில் எளிதான காரியம் அல்ல. யுத்தமும் இடப்பெயர்வும் 2004 சுனாமியும் குடும்பங்களைப் பிரித்துப் போட்டன. முகாமில் இறந்த பெரியம்மா எதனால் இறந்தார் என்று எழுதி வைத்த துண்டு இல்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் பெயரைச் சொல்லவும் மாட்டார்கள், "கூடாத நோய்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். "வயித்துக் கட்டியில போனா" என்று சொல்லப்படும் அம்மம்மாவுக்கு இருந்தது சூலகப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். "யாருக்கும் இல்லை" என்பதன் பொருள் பல வீடுகளில் "யாருக்கு இருந்தது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை" என்பதுதான்.

வசதி கூடினால் நோய் கூடுகிறது, வறுமை கூடினால் சாவு கூடுகிறது

மனித வளர்ச்சியில் மிக முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். மிகப் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். கணக்கை வேறு விதமாகச் சொன்னால், வசதியான நாட்டில் நோய் வந்த 6 பேரில் ஒருவரை இழக்கிறார்கள். வறிய நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களை இழக்கிறார்கள்.

நோய் ஏன் வசதியோடு கூடுகிறது? பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் எத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் வேலை செய்கிறது என்பது முக்கியம். நேரத்தோடு பெரிய பிள்ளையாவது, பிந்தி முதல் பிள்ளை பெறுவது, குறைவாகப் பெறுவது, குறைவாகப் பாலூட்டுவது எல்லாம் ஆபத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும். 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் போட்ட கணக்கின்படி, ஒவ்வொரு பிள்ளைப்பேறும் ஆபத்தை 7 வீதம் குறைக்கிறது. பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதமும் மேலும் 4.3 வீதம் குறைக்கிறது. பெண் படிப்பதும் பிந்தித் திருமணம் செய்வதும் நல்ல மாற்றங்கள். இந்தக் கணக்கைக் காட்டி அவற்றைத் திருப்ப நினைப்பது பிழை. தாய்ப்பால் அப்படியல்ல. அதில் இலங்கை ஏற்கெனவே முன்னுக்கு நிற்கிறது: 2016 சனத்தொகை சுகாதார அளவீட்டில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. அந்தப் பலம் உடைவது தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் வீடுகளில். கடன் அடைக்கவும் வீடு கட்டவும் போகிறாள். அதைத் தனிப்பட்ட தாயின் தவறாகப் பேசுவது அநியாயம்.

மாதவிடாய் நின்ற பிறகு உடல் எடை கூடுவதும் ஒரு காரணி, கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரஜனைச் செய்யத் தொடங்குகிறது. மற்றபடி உள்ளாடை, வாசனைத் திரவியம், மார்பில் பட்ட அடி ஆகியவற்றால் புற்றுநோய் வருவதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

சாவு ஏன் வறுமையோடு கூடுகிறது என்பதற்கு வெளிநாட்டுக் கணக்குத் தேவையில்லை. எங்கள் வீடுகளுக்குள்ளேயே பார்க்கலாம்.

கிணற்றடியிலிருந்து கிளினிக் வரை

பெரும்பாலும் கட்டி தெரிவது குளிக்கும்போதுதான். குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நிற்கும் பெண்ணின் சவர்க்காரக் கை வழுக்கிப் போகிற இடத்தில், புளியங்கொட்டை அளவில் ஏதோ தடுக்கிறது. அழுத்தினால் வலி இல்லை. அடுத்த நாளும் அங்கேயே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் அது புற்றுநோயாக இல்லாமல் இருக்கவே வாய்ப்புக் கூட, ஏனென்றால் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால் எது சாதாரணம், எது இல்லை என்று விரலால் தீர்மானிக்க முடியாது. அங்கிருந்து நாட்கள் எப்படிக் கழிகின்றன?

1. "நோகேல்லை, அப்ப பயமில்லை." தொடக்கத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் விட்டுவிடுவதே மிக ஆபத்தான தாமதம்.

2. யாரிடம் சொல்வது? கணவர் கடலில், அல்லது கட்டாரில். மாமியிடம் சொல்ல வெட்கம். கிண்ணியாப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ உம்மாவிடமும் ராத்தாவிடமும் மட்டும் சொல்லப்படும், அங்கேயே நிற்கும். வீட்டில் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தால் வாய் இன்னும் இறுக மூடும். "தாய்க்கு அந்த நோயாம்" என்ற பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம். அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தாய்க்கு நோய் வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு அது வருவதே இல்லை.

3. சீதன வீடு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் வாழ்நாள் வேலை. அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, காசு முடிந்து நிறுத்தி, மறுபடி தொடங்கி, கூரை போடும்போது தாய்க்கு 45 அல்லது 50 வயது ஆகிவிடும். இந்த நோயின் ஆபத்து ஏறும் வயதும் அதுவே. சீட்டுக் காசு விழுந்தால் அது சீமெந்துக்குப் போகும். கழுத்துச் சங்கிலி வங்கியில் அடைவில் இருக்கும். அந்த நேரத்தில் "என் மார்பில் ஒரு கட்டி" என்று சொல்வது, மகளின் கூரைக்குரிய காசைக் கேட்பது போல அந்தத் தாய்க்குத் தோன்றுகிறது. "வீட்டு வேலை முடியட்டும், பிறகு பாப்பம்" என்று அவள் தள்ளிப்போடுவதை வெறும் அறியாமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. அன்பும் சீதன முறையும் சேர்ந்து அவளை அங்கே நிறுத்துகின்றன. துண்டுப்பிரசுரம் கொடுத்து இதை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள்தான் முந்திக்கொண்டு கேட்க வேண்டும்.

4. இலவச சிகிச்சையின் செலவு. அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. ஆனாலும் ஒரு கிளினிக் நாள் என்றால் இரண்டு பேருக்குப் பஸ் காசு, இரண்டு பேரின் நாட்கூலி, வீட்டில் சமைக்க ஓர் ஆள். கருவாடு காயப்போடுகிற, வயலில் களை பிடுங்குகிற பெண்ணுக்கு வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. நுண்கடன் தவணை மட்டும் கிழமை தவறாமல் வரும். கதிர்வீச்சு என்று வந்தால் கிழமைக்கு ஐந்து நாளாக மூன்று முதல் ஐந்து கிழமை. அதற்கு மட்டக்களப்போ, ஏறத்தாழ 260 கிலோமீற்றருக்கு அப்பால் புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மஹரகமவோ போய்த் தங்க வேண்டும். அங்கே தங்க உறவு இருக்கிறதா என்பதும் சிகிச்சை முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. 2022 நெருக்கடியில் டீசலும் மருந்தும் ஒன்றாகத் தட்டுப்பட்டபோது இந்தச் சுமை எவ்வளவு என்று எல்லோரும் கண்டோம்.

5. ஆண் வைத்தியர். சட்டையைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம் எல்லாச் சமூகப் பெண்களுக்கும் உண்டு. பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம், அது உரிமை.

6. "கத்தி வச்சால் பரவும்." ஊசி குத்திப் பார்ப்பதால் நோய் பரவி ஆள் இறப்பார் என்பது உண்மை அல்ல. ஊசிப் பரிசோதனை இல்லாமல் எந்த மருந்து என்று முடிவெடுக்கவே முடியாது. பிந்தி வந்தவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்ததைப் பார்த்தே இந்தப் பேச்சு வளர்ந்திருக்க வேண்டும். இதற்கிடையில் மூலிகைப் பத்துப் போட்டுப் பார்ப்பதில் மாதங்கள் போகும்.

இப்படிப் போகும் மாதங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1999இல் வெளியான கணக்கில், அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களில் ஐந்து ஆண்டு உயிர் வாழ்வோர், வேளைக்கு வந்தவர்களைவிட நூற்றுக்கு 12 பேர் குறைவு.

தூரம் குறைந்த கதையும் உண்டு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை அந்த ஊர்ப் பெண்கள் திருகோணமலைக்கு வரப் "பாதை" என்ற மிதவைப் படகில் ஏறி நீரைக் கடக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்புப் பக்கம் போகும் வழியிலும் பாலங்கள் வரும் வரை அப்படியே. அந்தப் பாலங்களைச் சுகாதார அமைச்சு கட்டவில்லை. ஆனால் கட்டியோடு கிளினிக்குக்குப் போகும் பெண்ணுக்கு அவையும் வைத்திய வசதிதான்.

எந்தப் பரிசோதனை, யாருக்கு?

சுய பரிசோதனை பற்றிய குழப்பத்துக்குக் காரணம் ஷாங்காயில் நடந்த ஆய்வு. துணி ஆலைகளில் வேலை செய்த ஏறத்தாழ 266,000 பெண்களில் ஒரு பாதிக்கு முறையாகச் சுய பரிசோதனை கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் வந்த முடிவு: கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. இதிலிருந்து "தொட்டுப் பார்க்காதே" என்று முடிவெடுப்பது தவறு. அட்டவணை போட்டுத் தடவுவது மட்டும் உயிரைக் காக்காது என்பதே அதன் பொருள். தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று அறிந்த பெண்தான் மாற்றத்தை முதலில் காண்பாள். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள், நடு மூன்று விரல்களின் சதைப் பகுதியால், காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை, கமக்கட்டையும் சேர்த்துத் தடவிப் பார்த்தால் போதும். கட்டி மட்டும் அடையாளம் அல்ல. தோல் குழி விழுவது, தோடம்பழத் தோல்போல் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் வருவது எல்லாமே காட்ட வேண்டியவை.

மமோகிராம் என்பது மார்பகத்தின் எக்ஸ்ரே. உலக சுகாதார நிறுவனம் வசதி நிறைந்த நாடுகளில் 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை என்று பரிந்துரைக்கிறது. இயந்திரமும் அதைப் படிக்கும் நிபுணரும் குறைந்த இடங்களில், கட்டியோடு வருபவரை முதலில் கவனிக்கச் சொல்கிறது. இளம் பெண்களின் மார்பு அடர்த்தியானது, எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துவிடும் என்பதால் அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நமக்கு மிகப் பொருத்தமானது, பயிற்சி பெற்றவரின் கையால் செய்யும் பரிசோதனை. மும்பையில் 35 முதல் 64 வயது வரையான 151,538 பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மார்பைக் கையால் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை.

இலங்கையில் இதற்கான இடம் 1996இலிருந்தே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக், மக்கள் வாயில் "வெல் வுமன் கிளினிக்". 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் ஒரே நாளில் பார்க்கிறார்கள், காசில்லாமல்.

இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் ஒரு பெண்ணின் வீட்டுக்கு வருவது அவள் கர்ப்பமாக இருக்கும்போதும் குழந்தை பெற்றபோதும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவளைத் தேடி அடிக்கடி யாரும் வருவதில்லை. 50 வயதில் அவள் பட்டியலில் இருந்து மெல்ல விழுந்துவிடுகிறாள். ஆனால் அதே பெண், மகள் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போன வீட்டில், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கும் கிளினிக்கில் வாங்கில் குந்தியிருக்கிறாள். பிள்ளையின் அட்டையை நிரப்பும்போது "அம்மம்மா, உங்களுக்கு எத்தனை வயது? வெல் வுமன் கிளினிக்குக்கு வந்தீங்களா?" என்று கேட்டால் அரை நிமிடம்தான் போகும்.

கிழக்கின் வழக்கமும் இதற்குக் கைகொடுக்கும். கலியாணம் முடித்த பெண்கள் தாய் வளவிலேயே இருப்பது இங்கே பரவலானது. ஒருத்திக்கு நோய் என்றால் ஆபத்து இரட்டிப்பாகும் தாயும் தங்கச்சியும் மகளும் ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள். ஒருத்தி கிளினிக்குக்குப் போகும் நாளில் மற்றவர்களும் போகலாம், ஒரே முச்சக்கரவண்டியில்.

60 நாள் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் மூன்று இலக்குகளை வைத்தது: சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவிய மார்பகப் புற்றுநோய்களில் 60 வீதமாவது முதல் இரண்டு நிலைகளுக்குள் கண்டறியப்பட வேண்டும், முதலில் வைத்தியரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 வீதமானோர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும்.

நடுவில் உள்ள 60 நாளை மூதூரிலுள்ள ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் ஊர் வைத்தியசாலையில் காட்டுகிறாள், கடிதம் கிடைக்கிறது. அடுத்தது சத்திரசிகிச்சைக் கிளினிக், அதற்கு ஒரு நாள். ஸ்கேனுக்கு அல்லது மமோகிராமுக்கு வேறொரு நாள். ஊசி குத்தி எடுக்க இன்னொரு நாள். கைப் பரிசோதனை, படம், ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. ஆக நான்கு பயணம், நான்கு கூலி. இதில் ஒரு கிளினிக் தவறினால் கிழமைகள் பின்னுக்குப் போகும்.

ஐந்தாவது பயணம் அறிக்கையை எடுக்க. ஊசி குத்திய பிறகு காயமும் ஆறிவிடும், வலியும் இருக்காது, எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். "ஏதும் எண்டால் கூப்பிடுவினம்தானே" என்று இருந்துவிட்டால் அறிக்கை வைத்தியசாலை மேசையிலேயே கிடக்கும். ஊசி குத்துகிற அன்றே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: அறிக்கை எந்தத் திகதி வரும், எந்த அறையில் எடுப்பது, அடுத்த கிளினிக் எந்த நாள். அந்தத் திகதியை வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் வட்டமிட்டு, அம்மாவோடு யார் போவது என்று அன்று இரவே ஒரு பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.